எந்திரத்துக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு புது உத்தியோகம்!

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, கிளியனூர். கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால் மரக்காணத்து உப்பளங்கள். வெயில் ஏறிவிட்டால் பாத்திகளை நிமிர்ந்து பார்க்க முடியாது. அப்படிக் கண் கூசும்.

கிளியனூரில் ஒரு ஏ.டி.எம். எந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்று கொண்டிருந்தேன். வரிசை என்றால் பெரிய வரிசை இல்லை. எனக்கு முன்னால் ஒரே ஓர் அம்மாள். வயது அறுபது இருக்கும். உப்பளத்தில் பாடுபட்டவர் என்பதை அவர் கால்களே சொல்லின. குதிகால் முழுவதும் வெடிப்பு. விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன.

அவர் எந்திரத்தின் திரையைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்துக் கொண்டிருந்தார். அறிவொளி இயக்கக் காலத்தில், இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவராம். "ப...ரி...வர்...த்..." என்று அவர் பாதி வருவதற்குள் திரை மாறிவிட்டது. கார்டு வெளியே வந்துவிட்டது.

மறுபடியும் கார்டைச் செருகினார். இந்தத் தடவை வேறு கேள்வி. சேமிப்புக் கணக்கா, நடப்புக் கணக்கா?

அம்மாள் சற்று யோசித்தார். "நம்ம கணக்கு நடந்துகிட்டுதானே இருக்கு" என்று சொல்லி, "நடப்பு" என்று இருந்த இடத்தை அழுத்தினார்.

பணம் வரவில்லை. கார்டுதான் வந்தது.

சிரிக்காதீர்கள். அவர் சொன்னதில் என்ன தப்பு? கணக்கு நடந்து கொண்டுதான் இருக்கிறது! வியாபாரிகள் வைத்துக்கொள்ளும் கணக்குக்கு "நடப்புக் கணக்கு" என்று பாங்கிக்காரர்கள் பெயர் வைத்ததை, உப்பு வாரும் அம்மாளுக்கு யார் சொன்னார்கள்?

அவர் என் பக்கம் திரும்பினார். சுருக்குப் பையில் இருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அதில் நாலு எண்கள்.

"தம்பி, இந்த நம்பரை நீயே அடிச்சி எடுத்துக் கொடுத்துடுப்பா."

"அம்மா, அது ரகசிய எண். யாரிடமும் காட்டக்கூடாது" என்றேன்.

"ரகசியம்னு தெரியும் தம்பி. போன வருசம் இப்படித்தான் ஒருத்தன்கிட்ட கொடுத்தேன். கார்டை மாத்திக் கொடுத்துட்டான். நாலாயிரம் போச்சு. இருந்தாலும் என்னா பண்றது? இந்தப் பொட்டி பேசறது எனக்கு விளங்கலையே!"

தப்பு யாருடையது?

இப்படி நடக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "பாவம், படிக்காதவர்" என்கிறோம். அந்த அம்மாளும் தன்னைத்தான் நொந்து கொள்கிறார். எந்திரத்தை யாரும் குறை சொல்வது இல்லை.

ஆனால் அந்த எந்திரம் தானாக முளைத்தது அல்ல. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது, பதிலுக்கு எத்தனை விநாடி காத்திருப்பது, தப்பாக அழுத்தினால் என்ன சொல்வது என்று எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அல்லது, யாருமே உட்கார்ந்து யோசிக்கவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

இதை யோசிப்பதற்கென்றே உலகத்தில் ஒரு தொழில் இருக்கிறது. அதற்கு "இன்டராக்‌ஷன் டிசைன்" என்று பெயர். தமிழில் "ஊடாட்ட வடிவமைப்பு" என்று எழுதுகிறார்கள். பெயர் கொஞ்சம் கரடுமுரடுதான். மனிதன் ஒன்றைச் செய்கிறான். எந்திரம் பதில் சொல்கிறது. மனிதன் மறுபடி ஒன்றைச் செய்கிறான். இந்தப் போக்குவரத்தை ஒழுங்கு செய்கிறவர்தான் இந்த உத்தியோகக்காரர். எந்திரத்தின் உள்ளே இருக்கும் கம்பிகளைப் பற்றி என்ஜினீயர் கவலைப்படுவார். வெளியே நிற்கும் மனிதரைப் பற்றிக் கவலைப்படுவது இவர் வேலை.

பெயர் வந்த கதை

இந்தப் பெயரை வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், லண்டனில் பிறந்த பில் மாக்ரிட்ஜ் (1943-2012). மற்றவர், அமெரிக்காவைச் சேர்ந்த பில் வெர்பிளாங்க்.

மாக்ரிட்ஜ் ஒரு கம்ப்யூட்டருக்கு உருவம் கொடுத்தார். புத்தகம் போல மடக்கி எடுத்துச் செல்லும் கம்ப்யூட்டர். 1982-ல் விற்பனைக்கு வந்த "கிரிட் காம்பஸ்" என்பது அதுதான். மடிக் கணினிகளுக்கு எல்லாம் பாட்டனார் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூடி எப்படித் திறக்க வேண்டும், கீல் எப்படி இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் உழைத்தார். பெட்டி தயாராகி வந்தது. ஆசையோடு திறந்து வேலை செய்ய உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. பெட்டியின் அழகு அவருக்கு மறந்தே போய்விட்டது! அவர் கவனம் எல்லாம் திரைக்குள் போய்விட்டது. அந்தத் திரையில் நடக்கும் காரியத்தில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

"அப்படியானால் உருவம் கொடுக்க வேண்டியது பெட்டிக்கு மட்டும் அல்ல, உள்ளே நடக்கும் உரையாடலுக்கும்தான்" என்று முடிவு செய்தார். முதலில் அதற்கு வேறு ஒரு பெயரை வைத்துப் பார்த்தார்கள். நன்றாக இல்லை. 1980-களின் நடுவில் இப்போதைய பெயர் நிலைத்தது.

வெர்பிளாங்க், இந்தத் தொழிலுக்கு மூன்று கேள்விகளை வைத்தார். நம் பாஷையில் சொன்னால்: நான் இதை எப்படிச் செய்வது? செய்தேன், அது நடந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்தது என்ன என்று எனக்கு எப்படி விளங்கும்?

கிளியனூர் எந்திரம் இந்த மூன்றிலும் அந்த அம்மாளைக் கைவிட்டுவிட்டது.

ஆனால் ஓட்டுப் போடுகிறாரே!

அந்த அம்மாளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஓட்டுப் போடும் எந்திரம் இருக்கிறதே, அதற்கும் யாரையாவது துணைக்குக் கூப்பிடுவீர்களா?"

"அதுக்கு எதுக்குத் தம்பி ஆளு? படத்தைப் பார்த்து அமுக்கினா வெளக்கு எரியுது, பீய்ய்னு சத்தம் வருது. நான் எதை அமுக்கினேன்னு என் மருமகனுக்குக்கூடத் தெரியாது!" என்றார். முகத்தில் ஒரு பெருமிதம்.

பாருங்கள்! அதே அம்மாள். அதே விரல். அதுவும் எந்திரம், இதுவும் எந்திரம். அங்கே ராணி மாதிரி நிற்கிறவர், இங்கே ஏன் தவிக்கிறார்?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் 1951-ம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். அந்த நாட்டில், 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு! எழுதப் படிக்கத் தெரியாதவர், தன் மனத்தில் உள்ளவரை எப்படித் தேர்ந்தெடுப்பார்?

முதல் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் காலத்தில் ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. (அந்த நாளில் "அபேட்சகர்" என்பார்கள்.) பெட்டியின் மேல் சின்னம். எந்தச் சின்னம் பிடிக்கிறதோ அந்தப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டியது. எழுத வேண்டாம், படிக்க வேண்டாம். மாட்டையும் மரத்தையும் அடையாளம் தெரிந்தால் போதும். "ஊடாட்ட வடிவமைப்பு" என்ற பெயர் பிறப்பதற்கு முப்பது ஆண்டு முன்பே, அந்த வேலையை நம் தேர்தல் கமிஷன் செய்திருக்கிறது.

பிறகு பெட்டிகளைச் சுமப்பது பெரும்பாடு ஆயிற்று. 1960-களில் எல்லாச் சின்னங்களையும் ஒரே சீட்டில் அச்சடித்து, முத்திரை குத்தும் முறை வந்தது. இதில் ஒரு வில்லங்கம். முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவே விழுந்துவிட்டால் ஓட்டு செல்லாது! வெயிலில் கால் கடுக்க நின்று போட்ட ஓட்டு, குப்பைக்குப் போய்விடும்.

சீட்டு முறையின் விசித்திரத்தை 1996-ல் நம் தமிழ்நாடே பார்த்தது. சட்டசபைத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சித் தொகுதியில் போட்டியிட்டவர்கள், 1,033 பேர்! ஓட்டுச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள்.

கதாசிரியரும் ஓட்டு எந்திரமும்

இதற்குள் எந்திர முயற்சி தொடங்கிவிட்டது. 1982 மே மாதம், கேரளத்தில் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் எந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். "சட்டத்தில் எந்திரத்துக்கு இடம் இல்லை" என்று சுப்ரீம் கோர்ட்டு 1984-ல் தீர்ப்புச் சொன்னது. 1988 டிசம்பரில் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது.

எந்திரத்தைத் தயாரித்தவை இரண்டு அரசாங்க கம்பெனிகள். ஒன்று ஐதராபாத்தில். மற்றொன்று பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ். அந்தப் பெங்களூர் கம்பெனியில், ஓட்டு எந்திர வேலையில் முக்கியப் பங்கு வகித்த என்ஜினீயர் யார் தெரியுமா? எஸ்.ரங்கராஜன். அந்தப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஆளைத் தெரியாது. "சுஜாதா" என்றால் தெரியும்! கதைகள் எழுதிக் குவித்த அதே சுஜாதாதான். இந்த வேலைக்காக அவருக்கு "வாஸ்விக்" விருது கிடைத்தது.

எந்திரத்தின் வெளித்தோற்றத்துக்கும் அமைப்புக்கும் உழைத்தவர்கள், பம்பாய் ஐ.ஐ.டி.யில் உள்ள வடிவமைப்புப் பள்ளியின் பேராசிரியர்கள் ஏ.ஜி.ராவ், ரவி பூவய்யா ஆகியோர்.

இப்போது அந்த எந்திரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீங்கள் பலமுறை அழுத்தியதுதான். ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள்.

எந்திரம் இரண்டு பெட்டி. ஒன்று அதிகாரியிடம் இருக்கிறது. மற்றொன்று மறைவுக்குள் உங்களிடம். நடுவே ஐந்து மீட்டர் கம்பி. அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தினால்தான் உங்கள் பெட்டி விழித்துக்கொள்ளும். பச்சை விளக்கு எரியும். "தயார், வாருங்கள்" என்று அர்த்தம். உங்களுக்கு எதிரே பெயரும் சின்னமும் நேர் வரிசையில் இருக்கும். 2015-ல் இருந்து வேட்பாளரின் படமும் வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு நீலப் பொத்தான். ஒரு பெட்டியில் 16 பேருக்கு இடம். பொத்தானுக்குப் பக்கத்தில் பார்வையற்றவர்கள் தடவிப் படிக்கும் பிரெய்ல் எண்கள்.

அழுத்துகிறீர்கள். அந்தச் சின்னத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரிகிறது. நீண்ட ஓசை கேட்கிறது. காரியம் முடிந்துவிட்டது என்று கண்ணுக்கும் தெரிகிறது, காதுக்கும் தெரிகிறது. பயந்து போய் இன்னொரு தடவை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு பேருக்குச் சேர்த்து அழுத்தவும் முடியாது. ஆகவே நடுவே முத்திரை விழுந்து செல்லாமல் போன கதை, எந்திரத்தில் இல்லை.

முக்கியமாக, இந்த எந்திரம் அவசரப்படுவது இல்லை. நீங்கள் எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்தாலும், அது பாட்டுக்குப் பச்சை விளக்கோடு காத்திருக்கும்.

2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இதே எந்திரம். 2004-ல் இந்தியா முழுவதும் பார்லிமெண்டுத் தேர்தலுக்கு இதுதான். கிராமத்துப் பாட்டிகள் யாரும் இதற்காகப் பயிற்சிப் பள்ளிக்குப் போகவில்லை.

ஆனாலும் வெர்பிளாங்கின் இரண்டாவது கேள்வி விடவில்லை. "விளக்கு எரிந்தது சரி. என் ஓட்டு உள்ளே சரியாகப் பதிந்ததா? எனக்கு எப்படித் தெரியும்?" என்று பலர் கேட்டார்கள். வழக்குகள் நடந்தன. 2013-ல், ஒப்புகைச் சீட்டு முறையைப் படிப்படியாகக் கொண்டுவரும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இப்போது, நீங்கள் அழுத்திய சின்னம் சீட்டில் அச்சாகி, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டு விழுகிறது. 2019 பார்லிமெண்டுத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் அது வந்துவிட்டது. எல்லாச் சீட்டுகளையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்ற வழக்கை, 2024 ஏப்ரலில் கோர்ட்டு தள்ளியது. வாதம் இன்னும் ஓயவில்லை. ஓட்டுப் போட்டவர் "எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பது அறியாமை அல்ல என்பது என் கட்சி. எந்திரம் செய்கிறவர்கள் முதல் நாளே தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

பொய் சொன்ன விளக்கு

அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? 1979 மார்ச் 28-ந் தேதி, அமெரிக்காவில் "திரி மைல் ஐலண்டு" அணு மின் நிலையத்தில் பார்த்தார்கள். ஒரு வால்வு மூட வேண்டும். மூடவில்லை, திறந்தபடி சிக்கிக்கொண்டது. ஆனால் அறையில் இருந்த விளக்கு, மூடிவிட்டது போலக் காட்டியது. ஏன்? "மூடு" என்ற கட்டளை போனதா என்பதைத்தான் அந்த விளக்கு காட்டும். வால்வு மூடியதா என்பதைக் காட்டாது! பயிற்சி பெற்ற ஊழியர்கள் அதை நம்பினார்கள். அணு உலையின் நடுப்பகுதியில் ஒரு பாகம் உருகிவிட்டது.

கிளியனூர் அம்மாள் மட்டும்தான் எந்திரத்திடம் ஏமாறுகிறார் என்று நினைக்காதீர்கள்.

நாலு எண் எதற்கு?

பணம் எடுக்கும் எந்திரத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயம் ஆகாது. அதிலும் நல்ல யோசனைகள் உண்டு.

லண்டனில் என்பீல்டு என்ற இடத்தில், 1967 ஜூன் 27-ந் தேதி பார்க்லேஸ் பாங்கி பணம் கொடுக்கும் எந்திரத்தை வைத்தது. அதற்குக் காரணமானவர் ஜான் ஷெப்பர்டு பாரன். அவர் பிறந்த ஊர் நம்முடைய ஷில்லாங்! ரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கம் வைக்கலாம் என்று நினைத்தாராம். சமையல் அறையில் மனைவியிடம் கேட்டாராம். "எனக்கு நாலுக்கு மேல் ஞாபகம் இருக்காது" என்றாராம் அந்த அம்மாள். நாலு ஆக்கிவிட்டார். அவரே பிற்காலத்தில் சொன்ன கதை இது. ரகசிய எண் முறையை முதலில் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று சொல்கிறவர்கள் வேறு உண்டு. அது அவர்கள் பாடு. வீட்டுக்காரியைக் கேட்டு முடிவு செய்தாரே, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. பல எந்திரங்களில், கார்டை எடுத்த பிறகுதான் பணம் வரும். பணத்தை முதலில் கொடுத்தால், வந்த காரியம் முடிந்தது என்று கார்டை மறந்துவிட்டு நடையைக் கட்டிவிடுவோம். மனித சுபாவம் அப்படி. சுபாவத்தைத் திருத்த முடியாது, வரிசையைத் திருத்தலாம்.

ஆனால் உப்பளத்து அம்மாளுக்கு இது போதாது. இன்னும் சில விநாடி காத்திருக்கும் திரை வேண்டும். "பரிவர்த்தனை" என்பதற்குப் பதில் "பணம் எடுக்க" என்று இருக்க வேண்டும். சேமிப்பா, நடப்பா என்று அவரைக் கேட்பானேன்? அது எந்தக் கணக்கு என்று பாங்கிக்குத் தெரியாதா!

தேய்ந்த விரல்

விரல் என்றதும் ஒரு விஷயம். ரேஷன் கடையில் இப்போது விரல் ரேகை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2020-ல் இந்த முறை பரவலாக வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஒரே தடவையில் ரேகை விழுந்துவிடும். உப்பிலும் சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் தேய்ந்த விரலுக்கு விழுவதில்லை. துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அரிசி வாங்க வந்தவர் கூனிக் குறுகிப் போவார்.

உழைத்த விரலை எந்திரம் நம்ப மறுக்கிறது. இதைவிட விபரீதம் உண்டா? இப்போது கண்ணின் கருவிழியைப் படிக்கும் கருவிகளும் கடைகளுக்கு வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் முதல் கருவியைத் தீர்மானிப்பதற்கு முன்பே ஒருவர் மரக்காணத்துக்கு வந்து நாலு பேர் விரலைப் பார்த்திருந்தால், இந்தச் சங்கடம் எவ்வளவோ குறைந்திருக்கும்.

அப்படி வந்து பார்ப்பதுதான் இந்த உத்தியோகத்தின் பாதி வேலை. கெட்டிக்கார வடிவமைப்பாளர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன், வெறும் காகிதத்தில் திரையை வரைவார். அதை ஒரு காய்கறிக்காரி முன் வைத்து, "பணம் எடுப்பதாக நினைத்து, விரலால் தொடுங்கள்" என்பார். பிறகு வாயை மூடிக்கொண்டு பார்ப்பார். சொல்லிக் கொடுக்க மாட்டார். எங்கே அந்த விரல் தயங்குகிறதோ, அங்கே தன் தப்பு என்று குறித்துக்கொள்வார். இப்படி ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்று டென்மார்க்கைச் சேர்ந்த நிபுணர் யாக்கப் நீல்சன் 2000-ம் ஆண்டில் எழுதினார். ஐந்து பேர்! ஒரு டீக்கடை பெஞ்சில் அத்தனை பேர் கிடைப்பார்கள்.

எங்கே படிக்கலாம்?

நம் நாட்டில் வடிவமைப்புப் படிப்புக்கு விதை போட்டவர்கள், சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதிகள். 1958-ல் இந்திய சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் பார்த்த பொருள்களில் எதை மிகவும் புகழ்ந்தார்கள் தெரியுமா? தண்ணீர்ச் செம்பை! தூக்குகிற இடுப்பு, ஊற்றுகிற வாய், தேய்த்துக் கழுவுகிற கை என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி அது தலைமுறை தலைமுறையாக உருவானது என்று வியந்தார்கள். அதன் பலனாக 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் வந்தது. 1969-ல் பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளி வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில், 2007-ல் தொடங்கிய மத்திய அரசின் தொழில்நுட்பக் கழகத்திலும் வடிவமைப்புச் சொல்லித் தருகிறார்கள்.

ஐ.ஐ.டி. வடிவமைப்புப் பட்டப் படிப்புக்கு "யூசீட்" என்று ஒரு நுழைவுத் தேர்வு. பிளஸ் 2-வில் எந்தப் பாடப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம். கணக்குப் புலியாக இருக்க வேண்டும் என்பது இல்லை. கல்லூரிக்குப் போக வசதி இல்லாதவர்களுக்கு, சோகோ கம்பெனி நடத்தும் பள்ளியில் வடிவமைப்புப் பிரிவு இருக்கிறது. கட்டணம் இல்லை, படிக்கும்போதே உதவித் தொகை உண்டு. மென்பொருள் கம்பெனிகளில் இந்த வேலைக்கு "யு.எக்ஸ். டிசைனர்" என்று பெயர்.

கிளியனூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று இதைப் படித்துவிட்டு வந்தால், அந்த அம்மாளின் "நடப்பு" என்ன என்பது அதற்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

அந்த அம்மாளுக்குப் பணம் கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? கிடைத்தது. நான் எண்ணை அடிக்கவில்லை. திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துச் சொன்னேன். "சேமிப்பு" என்ற இடத்தில் மட்டும் விரலை நீட்டிக் காட்டினேன். எண் வந்தபோது முதுகைத் திருப்பிக்கொண்டேன். அவர் சீட்டைப் பார்த்துத் தாமே அழுத்தினார். நோட்டுகளை இரண்டு முறை எண்ணி முடிந்துகொண்டார்.

"அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் அம்மா. பையில் வைத்திருப்பது ஆபத்து" என்றேன்.

"கிழிச்சிட்டா, அடுத்த மாசம் பொட்டி கேக்கறப்போ நான் என்னா தம்பி சொல்றது?" என்றார்.

பஸ் வந்துவிட்டது. சீட்டைச் சுருக்குப் பையில் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டு, ஏறிப் போய்விட்டார்.